எழுதச் சொல்லும் ஆசிரியரும் எழுதட்டும்

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சுற்றியிருந்த மொழியே மாறிப்போகிறது. பாடங்கள், சபைகூடல் அறிவிப்பு, சிற்றுண்டிச்சாலைப் பேச்சு எல்லாம் வேறு மொழியில். தமிழ் மட்டும் வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கி, பல பள்ளிகளில் பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சட்டப்படி குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் அந்த வகுப்பும் உண்டு. 13 வயதிலிருந்து 15 வயதுவரை, மனத்தில் ஆயிரம் ஓடும் பருவத்தில், அதைத் தமிழில் எழுதிப் பார்க்க ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்தச் சில பாடவேளைகள்தான்.

அதனால்தான் அந்த நேரத்தை யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை. எழுதக் கற்றுக்கொடுப்பவர் தாமும் எழுதவேண்டும். பெயர்பெற்ற எழுத்தாளராக வேண்டும் என்று சொல்லவில்லை. மாணவருக்குக் கொடுக்கும் அதே தலைப்பில், அதே நேரத்தில், அவர்கள் கண்முன்னே எழுதினால் போதும். பெரும்பாலான ஆசிரியர்கள் கடைசியாகக் கட்டுரை எழுதியது தாங்கள் மாணவராக இருந்தபோது. அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் நாள் பாடத்திட்டம், புறப்பாட நடவடிக்கை அறிக்கை, கூட்டக் குறிப்பு. முதல் வரி வராமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருக்கும். அதை மறந்தவர் மாணவனிடம் "நல்லா யோசிச்சு எழுது" என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

இது புதிய எண்ணமில்லை. 1974ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டி, முதலில் அவர்களையே எழுதவைத்தார். எழுத்தைக் கற்பிப்பவர் எழுதவேண்டும் என்பதுதான் அந்த முயற்சிக்கு அடிப்படை. அது பின்னர் அமெரிக்கா முழுவதும் பரவியது. நம் நாட்டிலோ அதற்கு முன்பே, 1950ல், தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். கதை எழுதுவதைப் பயிற்சி கொடுத்து, திருத்தி, படிப்படியாகக் கற்பிக்கலாம் என்று செய்து காட்டினார்கள். மலேசியத் தமிழ் எழுத்தில் ஆசிரியர்களின் பங்கு அன்றும் இன்றும் பெரியது. அந்தத் தொடர்பு வகுப்பறைக்குள் வராமல் வெளியிலேயே நின்றுவிடுவதுதான் என் குறை. வீட்டில் கதை எழுதும் ஆசிரியர்கூட வகுப்புக்கு வந்ததும் மாதிரிக் கட்டுரையைப் பிரித்துவிடுகிறார்.

மாதிரிக் கட்டுரையின் விளைவு எல்லோருக்கும் தெரிந்ததே. "ஆதவன் தன் செங்கதிர்களைப் பரப்பிக் கீழ்வானில் மெல்ல எழுந்தான்" என்று 30 கட்டுரைகளில் 20 தொடங்கும். சுற்றுலா, விபத்து, பிறந்தநாள், எதுவானாலும் அதே ஆதவன்தான். முடிவில் ஒரு பழமொழியோ குறளோ வந்து நிற்கும். மாணவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வெறுந்தாளைக் கண்டு பயப்படுகிறவன் கையில் கிடைத்த வரியைப் பிடித்துக்கொள்கிறான். அந்தப் பயத்தை எப்படிக் கடப்பது என்று யாரும் அவனுக்குச் செய்து காட்டியதில்லை. முடிந்துபோன, பிழையற்ற, அச்சிட்ட கட்டுரையை மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு, அதன் முதல் வரைவில் என்னவெல்லாம் அடிபட்டிருக்கும் என்று எப்படித் தெரியும்?

ஆசிரியர் பலகையில் எழுதிக் காட்டும்போது என்ன நடக்கவேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். இடம் பினாங்கு, தலைப்பு தைப்பூசம். ஆசிரியர் வெண்பலகையில் முதல் வரி எழுதுகிறார்:

"இரத ஊர்வலத்தின்போது ஆயிரக்கணக்கான தேங்காய்கள் உடைக்கப்பட்டன."

பிழையில்லாத வரி. ஆனால் ஊரையே பார்க்காதவரும் இதை எழுதிவிடலாம். "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று வகுப்பைக் கேட்கவேண்டும். கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். காத்திருங்கள். "நீங்க எங்க நின்னீங்க டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். ஆசிரியர் அந்த வரியை அழிக்காமல், குறுக்கே கோடு மட்டும் போட்டுவிட்டு, கீழே எழுதுகிறார்:

"டத்தோ கிராமாட் சாலையோரம் நின்றேன். தேங்காய்கள் மலைபோல் குவிந்து கிடந்தன."

இப்போது நிற்கும் இடம் வந்துவிட்டது. 'மலைபோல்' என்ற உவமைதான் கண்ணை மறைக்கிறது. எவ்வளவு உயரம்? இடுப்பளவு. யார் உடைக்கிறார்கள்? பக்கத்தில் சீனக் குடும்பம் ஒன்று, பாட்டி முதல் பேரன்வரை. உடைத்ததும் என்ன ஆகிறது? மூன்றாவது முயற்சி:

"டத்தோ கிராமாட் சாலையோரம் என் இடுப்பளவுக்குத் தேங்காய் குவிந்திருந்தது. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி முதல் காயை ஓங்கி அடித்ததும் எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தோம். சில்லு ஒன்று கணுக்காலில் பட்டது. செருப்புக்குள் தேங்காய்த் தண்ணீர் புகுந்து பிசுபிசுத்தது."

இதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். மூன்று வரைவும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கவேண்டும். முதல் இரண்டையும் அழித்துவிட்டால் மாணவர் கண்ணில் நிற்பது மறுபடியும் ஒரு மாதிரிக் கட்டுரைதான். வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டு, வகுப்பில் யோசிப்பதுபோல் காட்டுவதும் வேலைக்கு ஆகாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் நடிப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையாகவே திணறவேண்டும், அந்தத் திணறலை வாய்விட்டுச் சொல்லவேண்டும்: "இந்த இடத்தில் எனக்கு வினைச்சொல் கிடைக்கவில்லை. 'தெறித்தது' சரியா, 'பட்டது' சரியா?" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்றும் சொல்லவேண்டும். இதில் கெட்டுப்போகக்கூடியது ஒன்று உண்டு. ஆசிரியரின் பத்தி நன்றாக அமைந்துவிட்டால் பாதி வகுப்பு அதையே எழுதும், எல்லோர் செருப்பிலும் தேங்காய்த் தண்ணீர் புகும். அதனால் செய்து காட்டும் தலைப்பும் மாணவர் எழுதும் தலைப்பும் ஒன்றாக இருக்கும் நாளில் எழுதிக் காட்டுவதை நான்கு வரியோடு நிறுத்திவிடுங்கள். பத்தி முழுவதையும் வளர்த்துக் காட்டவேண்டுமானால், அவர்களுக்குக் கிட்டாத, உங்களுக்கு மட்டுமே தெரிந்த பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்பிப்பவர் எழுதும்போது அவருக்கே என்ன கிடைக்கிறது என்பதற்குத் தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லலாம். படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப்பள்ளி முதலாண்டு, மாணவர் எழுத்தில் இப்படி ஒரு வாக்கியம் கட்டாயம் வரும்: "காலையில் எழுந்து, குளித்து, பசியாறி, பேருந்து ஏறி, படகுத்துறைக்குச் சென்று, பெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, அத்தை வீட்டை அடைந்தோம்." எழுதாத ஆசிரியர் ஓரத்தில் 'நீண்ட வாக்கியம், பிரித்து எழுது' என்று எழுதுவார். மாணவனும் கேட்டபடி பிரிப்பான்: "எழுந்தேன். குளித்தேன். பசியாறினேன்." முன்பு இருந்ததைவிட மோசம். இதே பயணத்தை ஆசிரியர் தாமே எழுதிப் பார்த்தால் இரண்டு செய்தி கைக்கு வரும். வினையெச்சங்களை அடுக்குவது தமிழின் பலம், அவசரத்தைக் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. எங்கே ஏதோ ஒன்று மாறுகிறதோ அங்கே வினைமுற்றைப் போட்டு நிறுத்தவேண்டும் என்பது மற்றொன்று. ஆகவே மாணவனிடம் சொல்லவேண்டியது இதுதான்: வினையெச்சங்களை எல்லாம் வட்டமிடு. அவற்றில் உனக்கு நன்றாக நினைவிருப்பது எது? பெர்ரியா? அதற்கு முந்தியவை அடுக்காகவே இருக்கட்டும். "எழுந்து, குளித்து, பசியாறி, பேருந்து பிடித்துப் படகுத்துறைக்கு ஓடினோம். பெர்ரி துறையைவிட்டு நகர்ந்தது. தம்பி கம்பியைப் பிடித்த பிடியை விடவேயில்லை." இந்த அறிவுரை எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்காமல் இருக்கலாம். எழுதிப் பார்த்தவருக்குத் தானாகக் கிடைக்கும்.

பேச்சுத்தமிழ் விஷயமும் அப்படியே. பன்னிரண்டு வயது தம்பியிடம் அக்காள், "விரைந்து வருவாயாக, பேருந்து சென்றுவிடும்" என்று பேசும் கட்டுரைகள் குவிகின்றன. ஆசிரியர் தம் வரைவில் தம் அத்தையைப் பேசவைக்கும்போதுதான் அது எவ்வளவு பொய்யாக ஒலிக்கிறது என்று தெரியும். "டேய், சீக்கிரம் வாடா, பஸ்ஸு போயிரும்" என்றால் ஆள் உயிரோடு வந்து நிற்கிறாள். மேற்கோள் குறிக்குள் நாம் பேசுவதுபோலவே இருக்கலாம், சந்தையைக் குறிக்கும் பாசாரும் பஸ்ஸும் வரலாம், வெளியே எழுத்துத்தமிழ் என்பது என் நிலை. தேர்வுக் கட்டுரையில் இதை அளவோடு செய்யவேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். இரண்டும் தெரிந்த பிள்ளை இடம் பார்த்து மாற்றிக்கொள்ளும்.

ஒரு மணி நேரப் பாடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 8 நிமிடம் பலகையில் எழுதிக் காட்டல். பிறகு 5 நிமிடம் மாணவர் பக்கத்தில் இருப்பவரிடம் தாங்கள் எழுதப் போவதை வாயால் சொல்வது. இந்த வயதில் பேசிவிட்டு எழுதினால் எழுத்து தடங்கலின்றி வரும். அடுத்து 25 நிமிடம் அமைதியாக எழுதுவது. இதில் முதல் 10 நிமிடம் ஆசிரியரும் மாணவர் மேசை ஒன்றில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகத்தில் எழுதவேண்டும், எழுந்திருக்கக்கூடாது. "டீச்சர், தலைப்பு வேணுமா? எத்தனை பக்கம்?" என்று கேள்விகள் வரும். தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று வகுப்புகளில் அது அடங்கிவிடும். ஆசிரியர் எழுதும் 10 நிமிடத்தில் வகுப்பு அமைதியாவதற்கு எந்தக் கட்டொழுங்கு ஆசிரியரும் தேவைப்படமாட்டார். மீதி 15 நிமிடத்தில் எழுந்து, தேங்கி நிற்கும் நாலைந்து பேரிடம் போய்க் குனிந்து பேசலாம். ஒருவருக்கு 3 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேனாவை அவர்களிடமிருந்து வாங்கவே கூடாது. கடைசி 20 நிமிடம் இருவர் இருவராக வாசித்தல், இரண்டொருவர் வகுப்புக்கு வாசித்தல், அதோடு ஆசிரியரின் அன்றைய வரைவு.

கேட்பவருக்கு வேலை மூன்று. மனத்தில் நின்ற ஒரு வரியை அப்படியே திருப்பிச் சொல்வது, புரியாமல் போன இடத்தைக் காட்டுவது, இன்னும் தெரிந்துகொள்ள விரும்புவதைக் கேட்பது. 'நல்லா இருக்கு' என்பதும் 'பிழை இருக்கு' என்பதும் கணக்கில் சேராது. ஆசிரியரின் வரைவுக்கும் இதே மூன்றுதான். படிவம் இரண்டு மாணவி ஒருத்தி ஆசிரியரிடம், "அந்த இரண்டாவது பத்தி எனக்குப் புரியல டீச்சர்" என்று மரியாதையோடு சொல்லிப் பழகுவது அவளுடைய எழுத்துக்கும் நல்லது, ஆசிரியரின் எழுத்துக்கும் நல்லது. விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். விளக்காமல் குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் திருத்திய பத்தியைக் கொண்டுவந்து காட்டுங்கள். சொன்னதால் ஒன்று மாறியது என்று அவள் பார்க்கவேண்டும்.

இந்த வயதுக்கு மறைவும் வேண்டும். எழுதிய பக்கத்தை நடுவில் மடித்துவிட்டால் ஆசிரியர் அதை வகுப்பில் வாசிக்கச் சொல்லமாட்டார் என்ற ஏற்பாடு நல்ல பலன் தருகிறது. ஆனால் முதல் நாளே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும்: யாருக்காவது ஆபத்து என்று எழுத்தில் தெரிந்தால், மடித்த பக்கமாக இருந்தாலும் அது வழிகாட்டி ஆலோசக ஆசிரியரிடம் போகும். பிறகு சொன்னால் நம்பிக்கை உடையும். ஆசிரியர் தம் பக்கத்திலும் அளவு பார்க்கவேண்டும். தாம் கண்ட தெரு, சமையல், பாட்டி வீடு, சிறுவயதுச் சண்டை என்று எழுதலாம். குடும்பப் பிரச்சினையை, சக ஆசிரியரைப் பற்றிய மனக்குறையை மாணவர்முன் எழுதிக் காட்டக்கூடாது.

திருத்தும் வேலை குவிந்து கிடக்கும்போது எழுத நேரம் ஏது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 புத்தகம், ஒன்றுக்கு 8 நிமிடம் என்றால் 4 மணி நேரம். பக்கம் முழுதும் சிவப்பு மை. மாணவன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறான். ஒரு வரைவுக்கு இரண்டே குறிப்பு, ஒன்று பொருளைப் பற்றி, ஒன்று மொழியைப் பற்றி என்று வைத்தால் 3 நிமிடம் போதும், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். மிச்சம் இரண்டரை மணி நேரம். அதில் கால் பங்கு ஆசிரியரின் எழுத்துக்குப் போனாலும் லாபமே.

ஒற்றுப்பிழையை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். விடவே கூடாது, ஆனால் இறுதி வரைவில் பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு விதி. முதலில் 'ஐ' உருபுக்குப் பின் வலி மிகுவது: தேங்காயைக் குவித்தார்கள், இரதத்தைப் பார்த்தோம். அடுத்து 'கு' உருபு: கோவிலுக்குப் போனோம், அத்தைக்குச் சொன்னேன். மூன்றாவதாக அந்த, இந்த, எந்த. இந்த மூன்றும் படிந்தாலே பக்கத்தின் முகம் மாறிவிடும். மாணவர் தங்கள் வரைவை எடுத்து அந்த ஒரு விதியை மட்டும் தேடித் திருத்தவேண்டும், ஆசிரியரும் தம் வரைவில் தேடவேண்டும். ல, ள, ழ மயக்கத்துக்குக் கையெழுத்து வரைவு அவசியம். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி வந்தபின் கைப்பேசியில் தமிழ் எழுதுவது பிள்ளைகளுக்கு எளிதாகிவிட்டது, அது பெரிய வரம். ஆனால் பரிந்துரையில் வரும் சொல்லைத் தட்டிப் பழகியவனுக்குப் 'பள்ளி'யும் 'பல்லி'யும் கையால் எழுதும்போதுதான் பிரிகின்றன. முதல் வரைவு கையால், அச்சுக்குப் போகும் வரைவு கைப்பேசியில் அல்லது கணினியில்.

அச்சு என்றதும் செலவை நினைக்கவேண்டாம். ஏ4 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். 19 மாணவரும் ஓர் ஆசிரியரும் ஆளுக்கொரு பக்கம் எழுதினால் 20 பக்கம், ஐந்து தாள், அட்டைக்கு ஒரு கெட்டித் தாள். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடவேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் தொங்கும். நடுமடிப்பில் இரண்டு பின் அடிக்க நீண்ட கைப்பிடி ஸ்டேப்ளர் வேண்டும், நகலகங்களில் கேட்டால் அடித்துக் கொடுப்பார்கள். பெயர்களை அகரவரிசையில் போடுங்கள், ஆசிரியர் பெயர் அந்த வரிசையில் எங்கே விழுகிறதோ அங்கேயே வரட்டும். படிவம் மூன்றில் நடந்த பிடி3 தேர்வு 2022ல் நிறுத்தப்பட்ட பிறகும் படிவம் ஒன்று முதல் மூன்றுவரை ஆண்டிறுதித் தேர்வும் வகுப்பறை மதிப்பீடும் இருக்கத்தான் செய்கின்றன. வரைவுகளோடு சேர்த்து வைத்த இந்த இதழ், வகுப்பறை மதிப்பீட்டுக்கு நல்ல சான்றாகவும் ஆகும்.

ஆசிரியர் வளர்வதற்கு வகுப்பறை மட்டும் போதாது. தம் பயிற்சிப் புத்தகத்தில் இடப்பக்கம் வரைவும் வலப்பக்கம் அதை எழுதும்போது தடுமாறிய இடங்களும் என்று பிரித்து எழுதுவது முதல் பழக்கம். வலப்பக்கத்தில் 'பத்தியை எங்கே முடிப்பது என்று தெரியவில்லை' என்று இருந்தால் அடுத்த வகுப்பின் 8 நிமிடப் பாடம் தயார். இரண்டாவது, நாலைந்து ஆசிரியர் சேர்ந்த குழு. பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை ஜார்ஜ்டவுனிலோ பட்டர்வொர்த்திலோ கூடலாம். ஒருவருக்கு 20 நிமிடம், 600 சொல்லுக்கு மேற்படாத படைப்பு, எழுதியவர் வாசித்துவிட்டு மற்றவர் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக்கூடாது.

இப்படிப்பட்ட குழுக்கள் கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. பேச்சு பள்ளி வேலைச் சுமையின் பக்கம் திரும்பி மாலை முழுதும் அதிலேயே போய்விடும். அதற்குத் தேநீர் நேரத்தைத் தனியே ஒதுக்கி, வாசிப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மற்றது நம் மரியாதைப் பழக்கம். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஐயா வாசித்தால், புதிதாகச் சேர்ந்த ஆசிரியை "ரொம்ப அருமைங்க ஐயா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவரை வயதை மறக்கச் சொல்வது நடக்காத காரியம். வயதில் இளையவர் முதலில் பேசவேண்டும், அதுவும் கேள்வியாகவே பேசவேண்டும் என்று வைத்தால் மரியாதையும் குறையாது, கருத்தும் வெளியே வரும். "ஐயா, அந்தப் பாட்டி ஏன் திரும்பிப் பார்க்கல?" என்ற கேள்வி, கதையில் பாட்டி சரியாக வரவில்லை என்பதை நாசூக்காகச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, படைப்பை வெளியே அனுப்புவது. நம் தமிழ் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள் நெடுங்காலமாகச் சிறுகதைக்கு இடம் கொடுத்து வருகின்றன. குழுவில் இரண்டுமுறை வாசித்துத் திருத்திய கதையை ஆண்டுக்கு ஒன்றாவது அனுப்பவேண்டும், அனுப்பியதை வகுப்புக்கும் சொல்லவேண்டும். வெளிவந்தால் பத்திரிகைப் பக்கத்தையும் முதல் வரைவையும் அருகருகே ஒட்டி, எந்த வரி எங்கே போயிற்று என்று மாணவரைத் தேடவிடுங்கள். வரவில்லையென்றால் அதே கதையை வகுப்புக்குக் கொண்டுபோய் அந்த மூன்று வேலைகளையும் மாணவரிடம் கொடுங்கள். புரியாத இடத்தைக் காட்டட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். திருத்தி மறுபடி அனுப்பும் தேதியைப் பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், அழியாமல் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.